நண்பர்கள் விலகிப் போனார்கள். 78 கோடி ரூபாயை வென்றது அணி!

கனடா நாட்டில் வான்கூவர் என்று ஒரு நகரம் இருக்கிறது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி அங்குள்ள ரோஜர்ஸ் அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. அவ்வளவு கூட்டம்!

வழக்கமாக அந்த அரங்கத்தில் பனிக்கட்டி மீது சறுக்கியபடி ஆடும் ஹாக்கி ஆட்டம் நடக்கும். அன்று நடந்தது வேறு. மேடை மீது கண்ணாடி அறைகள். ஒரு பக்கம் 5 வாலிபர்கள். மறு பக்கம் 5 வாலிபர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கம்ப்யூட்டர்.

அவர்கள் ஓடவில்லை. குதிக்கவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. விரல்கள் மட்டுமே ஆடின. அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள்!

ஜெயித்த அணிக்கு என்ன பரிசு தெரியுமா? சுமார் 1 கோடியே 12 லட்சம் அமெரிக்க டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 78 கோடி ரூபாய்!

அதை வாங்கிய அணியின் பெயர் "ஓ.ஜி." மூன்று மாதத்துக்கு முன்பு அந்த அணியில் 5 பேர் கூட இல்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

என்ன ஆட்டம் இது?

ஆட்டத்தின் பெயர் "டோட்டா 2". அமெரிக்காவில் உள்ள வால்வ் என்ற கம்பெனி அதை நடத்துகிறது. கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் யாரும் ஆடலாம். ஆடுவதற்குக் காசு இல்லை.

ஒரு சதுரமான மைதானம். எதிர் எதிர் மூலையில் இரண்டு கோட்டைகள். இரண்டுக்கும் இடையே மூன்று பாதைகள். பாதை நெடுகக் காவல் கோபுரங்கள். 30 வினாடிக்கு ஒரு தடவை இரண்டு கோட்டைகளில் இருந்தும் சின்னச் சின்னச் சிப்பாய்கள் அணி வகுத்துக் கிளம்புவார்கள். அவர்கள் பாட்டுக்குப் போய்ச் சண்டை போடுவார்கள். அவர்களை யாரும் ஆட்டி வைக்க வேண்டியது இல்லை.

ஆட்டக்காரர் ஆட்டி வைப்பது ஒரே ஒரு வீரனை. அவனுக்குத்தான் "ஹீரோ" என்று பெயர். அணிக்கு 5 ஹீரோக்கள். எதிரியின் கோட்டைக்குள் புகுந்து, அங்கே உள்ள மூலக் கட்டிடத்தை இடித்துத் தள்ளினால் வெற்றி. ஓர் ஆட்டம் முடிய 40 நிமிடம் ஆகும். சில சமயம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

இவ்வளவுதான் ஆட்டம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? ஆனால் பல்லாயிரம் மணி நேரம் ஆடியவர்களும் "இன்னும் பிடிபடவில்லை" என்கிறார்கள். காரணம், அந்த ஹீரோக்கள்!

உத்தி பிரிப்பது போல

தெருவில் சடுகுடு ஆடுவதற்கு முன்பு உத்தி பிரிப்போம். எந்த ஆள் எந்தப் பக்கம் என்பதில்தான் பாதி ஆட்டம் முடிந்து விடும். இதுவும் அப்படியே.

இன்று இந்த ஆட்டத்தில் 120-க்கு மேற்பட்ட ஹீரோக்கள் இருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் இரண்டு தலைவர்களும் மாறி மாறி ஆளைப் பொறுக்குவார்கள். ஒருவர் எடுத்த ஹீரோவை மற்றவர் எடுக்க முடியாது. அது மட்டும் அல்ல. "இந்த ஆள் யாருக்கும் வேண்டாம்" என்று தள்ளி வைக்கவும் உரிமை உண்டு. எதிரி எதில் கெட்டிக்காரனோ அதைத் தள்ளி வைத்து விடுவார்கள்!

ஒருவனுக்கு ஒருவன் எமன் என்பது இங்கே நிஜம். பேந்தம் லான்சர் என்று ஒரு ஹீரோ. தன்னைப் போலவே பல போலி உருவங்களை உண்டாக்குவான். எது நிஜம், எது போலி என்று தெரியாமல் எதிரி திண்டாடுவான். சரி, இவனை எப்படி மடக்குவது? எர்த்ஷேக்கரைக் கொண்டு வர வேண்டும். அவன் தரையை ஓங்கி அடிப்பான். சுற்றி எத்தனை உருவம் நிற்கிறதோ, அந்த அளவுக்கு அடியின் வேகம் பெருகும். போலிகள் கூடக் கூட லான்சருக்கே ஆபத்து! எந்த வித்தையால் பிழைத்தானோ அந்த வித்தையே அவனைக் கொல்லும்.

இதனால்தான் தன் முக்கியமான ஆளைக் கடைசியில் எடுக்கப் பார்ப்பார்கள். முதலில் காட்டி விட்டால் எதிரி அதற்கு ஏற்ற எமனை எடுத்து விடுவான். சீட்டாட்டத்தில் துருப்பை ஒளித்து வைப்பது போல.

சரி, புதிதாக ஆட வருகிறவர் யாரை எடுப்பது? பார்க்க அழகாக இருக்கிறான் என்று எடுக்கிறவர்கள்தான் அதிகம். இன்வோக்கர் என்று ஒருவன் இருக்கிறான். மூன்று விதமான மந்திர உருண்டைகளை மாற்றி மாற்றிச் சேர்த்து 10 மந்திரங்கள் செய்வான். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். புதியவர் கையில் அவன் பிணம்! மீப்போ என்று இன்னொருவன். பல உடல் உள்ளவன். அத்தனை உடலையும் ஒரே ஆள் ஆட்டி வைக்க வேண்டும். அதில் ஓர் உடல் செத்தால் போதும், எல்லாம் செத்து விடும்.

ரெயித் கிங் அப்படி அல்ல. செத்தாலும் ஒரு தடவை எழுந்து வருவான். தப்பு செய்தாலும் பொறுத்துக் கொள்வான். கிறிஸ்டல் மெய்டன் என்ற பெண் மெதுவாக நடப்பாள். இரண்டு அடியில் விழுந்து விடுவாள். ஆனால் அவள் களத்தில் இருந்தால், தூரத்தில் நிற்கும் தோழர்களுக்கும் மந்திர சக்தி ஊறிக்கொண்டே இருக்கும். ஒன்றும் தெரியாதவர் எடுத்தாலும் அணிக்கு அவளால் உபயோகம் உண்டு.

என் யோசனை இதுதான். இரண்டு அல்லது மூன்று ஹீரோக்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒருவன் அடிக்கிறவன், ஒருத்தி உதவுகிறவள் என்று இருக்கட்டும். அவர்களையே திரும்பத் திரும்ப ஆடுங்கள். ஆளுக்கு ஆள் தாவினால் மந்திரம் எந்த விரலில் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்கப் புத்திக்கு ஓய்வு வேண்டும் அல்லவா?

கடைசியில் சாப்பிடுகிறவர்

இன்னொரு விஷயம். அணியில் 5 பேரும் ஒரே மாதிரி இல்லை. களத்தில் கிடைக்கும் பொன் கொஞ்சம்தான். எல்லாருக்கும் பங்கு போட்டால் ஒருவருக்கும் காணாது. எனவே 1-ம் எண் ஆட்டக்காரருக்கு அதிகப் பொன். அவர்தான் வாள், கவசம் எல்லாம் வாங்கிக் கடைசியில் எதிரியை வீழ்த்த வேண்டியவர். 2-ம் எண்ணுக்கு அடுத்த பங்கு. இப்படியே இறங்கி, 5-ம் எண்ணுக்கு மிச்சம் மீதிதான்.

5-ம் எண்ணுக்கு வேலை மட்டும் குறைவு இல்லை. இருட்டான இடங்களில் "வார்டு" என்ற காவல் கண்ணை நட்டு வைக்க வேண்டும். அது 6 நிமிடம் உயிரோடு இருந்து, எதிரி வருவதைக் காட்டும். தோழன் அகப்பட்டுக் கொண்டால் ஓடிப்போய்க் காப்பாற்ற வேண்டும். தேவைப்பட்டால் அவனுக்குப் பதிலாகத் தான் சாக வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி விட்டுக் கடைசியில் சாப்பிடுகிற தாயைப் போன்ற வேலை இது.

புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் "நான்தான் 1-ம் எண்" என்று சண்டை போடுவார்கள். ஓ.ஜி. அணியில் 5-ம் எண் யார் தெரியுமா? அணியின் தலைவரேதான்! டென்மார்க் தேசத்து யோஹன் சுண்ட்ஸ்டைன். ஆட்டத்தில் அவர் பெயர் "நோடெயில்".

உடைந்தது அணி!

நோடெயிலும், இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த தால் ஐசிக் என்பவரும் நெடுநாள் தோழர்கள். இருவரும் சேர்ந்து 2015-ல் ஓ.ஜி. அணியை ஆரம்பித்தார்கள். "மேஜர்" என்ற பெரிய போட்டிகளில் 4 தடவை கோப்பை வாங்கினார்கள். ஆனால் உலகப் போட்டி மட்டும் கைக்கு வரவில்லை. "தி இன்டர்நேஷனல்" என்ற அந்தப் போட்டியில் 2016-லும் 2017-லும் தோற்றுத் திரும்பினார்கள்.

2018 மே மாதக் கடைசி. உலகப் போட்டிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. திடீர் என்று ஒரு செய்தி! தால் ஐசிக் அணியை விட்டுப் போகிறார். அவருடன் சுவீடன் வீரர் குஸ்தாவ் மக்னுசனும் போகிறார். எங்கே? ஈவில் ஜீனியசஸ் என்ற அமெரிக்க அணிக்கு!

யார் மீது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆட்டம் என்றால் ஆள் மாறுவது சகஜம். ஆனால் விட்டுப் போனவர் தோழர் என்றால், இருப்பவருக்கு வலிக்காதா?

பின்லாந்து வீரர் "ஜெராக்ஸ்" விலகவில்லை. அணிக்கு வாத்தியாராக இருந்தவர் பிரான்ஸ் தேசத்து செபஸ்தியன் டெப்ஸ். "செப்" என்று கூப்பிடுவார்கள். ஆள் இல்லையே என்று வாத்தியாரே களத்தில் இறங்கினார்! ஆட்டத்துக்கு ஓய்வு கொடுத்திருந்த ஆஸ்திரேலியா வாலிபர் "அனா" திரும்பி வந்தார். வயது 18. ஐந்தாவது ஆள் பின்லாந்தில் இருந்து வந்தார். பெயர் "டாப்சன்". வயது 20. பெரிய மேடையில் அதற்கு முன் அவர் ஆடியதே கிடையாது!

இந்த அணிக்கு யாரும் நேரடி அழைப்பு அனுப்பவில்லை. எவர் வேண்டுமானாலும் கலந்து கொள்ளலாம் என்ற ஆரம்பச் சுற்றில் இருந்து ஆடித்தான் அவர்கள் வான்கூவர் வந்து சேர்ந்தார்கள்.

கடைசி அடி யாருடையது?

டாப்சனைப் போன்ற வாலிபர்கள் வீட்டில் உட்கார்ந்து எதைப் பழகுகிறார்கள்? வாசகர்கள் இதைக் கேட்பார்கள் என்று தெரியும். ஆகவே கதையைச் சற்று நிறுத்தி அதைச் சொல்கிறேன்.

முதல் பாடம், கடைசி அடி. எதிரிச் சிப்பாயை எத்தனை தடவை அடித்தாலும் பொன் கிடைக்காது. அவன் உயிர் போகும் அந்தக் கடைசி அடி யாருடையதோ, அவருக்குத்தான் பொன். அரை வினாடி முந்தினால் சாக மாட்டான். அரை வினாடி பிந்தினால் வேறு யாரோ அடித்து விடுவார்கள். ஒவ்வொரு ஹீரோவும் கை ஓங்கும் வேகம் வேறு. அது கண்ணில் படிந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

இன்னொரு வேடிக்கை. நம் சிப்பாய் சாகப் போகிறான் என்றால் நாமே அவனை வெட்டி விடலாம்! அப்படிச் செய்தால் எதிரிக்கு அந்தப் பொன் போகாது.

இதைப் பழக எதிரி தேவை இல்லை. தனியாக ஆட ஏற்பாடு இருக்கிறது. தினம் 10 நிமிடம், பொருள் எதுவும் வாங்காமல், கடைசி அடி மட்டும் அடித்து எண்ண வேண்டும். இன்று 30 என்றால் அடுத்த மாதம் 50 வருகிறதா என்று பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். சங்கீதம் படிக்கிறவர் சரளி வரிசை பாடுவதும் அலுப்புதானே!

இரண்டாவது, மூலையில் உள்ள சின்ன வரைபடம். புதியவர் தன் ஹீரோவையே பார்த்துக் கொண்டிருப்பார். பழகியவர் நாலைந்து வினாடிக்கு ஒரு தடவை அந்த வரைபடத்தைப் பார்ப்பார். அதில் யார் தெரிகிறார்கள் என்பதை விட யார் தெரியவில்லை என்பதுதான் முக்கியம். எதிரியில் மூன்று பேரைக் காணோமா? உங்களைத் தேடித்தான் வருகிறார்கள். பின்வாங்குங்கள்!

செத்தால் என்ன நஷ்டம்? கையில் இருக்கும் பொன்னில் ஒரு பங்கு போய்விடும். திரும்ப உயிர் வரக் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் கடைசி நேரத்தில் அந்தக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த ஒரு நிமிடத்தில் கோட்டையே போய்விடும்.

மூன்றாவதைத்தான் யாரும் செய்வது இல்லை. தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது! ஆட்டம் முழுவதும் பதிவாகி இருக்கும். எதிரியின் கண்ணால் கூட அதைப் பார்க்கலாம். நாம் செத்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும். "தோழன் உதவிக்கு வரவில்லை" என்று ஆட்டத்தின் போது திட்டி இருப்போம். திரும்பப் பார்த்தால், நாம்தான் அவனை விட்டு வெகு தூரம் போயிருப்போம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு வாரம் இப்படிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வாயில் திட்டு குறைந்து விட்டது. ஆட்டத்திலும் அவன் தேறினான்.

நண்பர்களே எதிரிகள்

வான்கூவருக்குத் திரும்புவோம்.

ஓ.ஜி. முதல் அணியை வென்றது. அடுத்து யாருடன் மோத வேண்டும்? ஈவில் ஜீனியசஸ்! விட்டுப் போன அதே இரண்டு பேர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இருக்கிறார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்தை ஓ.ஜி. ஜெயித்தது!

இறுதிப் போட்டியில் எதிரி, சீனாவைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. எல்.ஜி.டி. அணி. பலம் வாய்ந்த அணி. 5 ஆட்டத்தில் 3 ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் ஓ.ஜி.க்கு. இரண்டாவதும் மூன்றாவதும் சீன அணிக்கு. நாலாவது ஆட்டம் போனால் எல்லாம் போச்சு!

அந்த ஆட்டத்தில் செப் எடுத்த ஹீரோ ஆக்ஸ். கையில் கோடாரி வைத்திருக்கும் முரடன். அவனிடம் ஒரு வித்தை உண்டு. எதிரிகளின் நடுவே போய் ஒரு கூச்சல் போடுவான். பக்கத்தில் உள்ளவர்கள் ஓடவும் முடியாது, மந்திரம் போடவும் முடியாது. அவனையே அடிக்க வேண்டியதுதான். அவன் அடி வாங்கிக் கொண்டு நிற்பான். அதற்குள் தோழர்கள் வந்து எதிரிகளை முடித்து விடுவார்கள்.

செப் துணிந்து எதிரிக் கூட்டத்தின் மத்தியில் பாய்ந்தார். கூச்சல் போட்டு மடக்கினார். கைநழுவிப் போன ஆட்டம் திரும்பி வந்தது! வர்ணனை செய்தவர் "செ...ப்!" என்று நீட்டிக் கத்தினார். அந்தக் குரலை இன்றும் ரசிகர்கள் போட்டுப் பார்க்கிறார்கள். ஐந்தாவது ஆட்டமும் ஓ.ஜி.க்கே.

வாத்தியாராக இருந்தவர், ஓய்வு எடுத்தவர், மேடையே பார்க்காதவர். எல்லாரும் சேர்ந்து உலகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

இயந்திரத்திடம் தோல்வி

8 மாதம் கழித்து அதே 5 பேரும் ஓர் இயந்திரத்திடம் தோற்றார்கள்!

2019-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரம். ஓப்பன் ஏ.ஐ. என்ற நிறுவனம் செய்த கம்ப்யூட்டர் புத்தி ஓ.ஜி. அணியை எதிர்த்தது. இரண்டு ஆட்டத்திலும் இயந்திரமே ஜெயித்தது. அது எப்படிப் பழகியது? தன்னோடு தானே ஆடிப் பழகியது. 10 மாதத்தில் அது ஆடிய ஆட்டத்தை மனிதன் ஆடுவதாக இருந்தால் 45 ஆயிரம் ஆண்டுகள் ஆகும்!

அதற்கும் ஒரு குறை உண்டு. 17 ஹீரோக்களை வைத்து மட்டும் அன்று ஆடினார்கள். அத்தனை ஹீரோக்களையும் எடுக்கலாம் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் ரசிகர்கள் வாதாடுகிறார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவின் ஷாங்காய் நகரில் மறுபடியும் உலகப் போட்டி. அங்கே அனா ஒரு காரியம் செய்தார். ஐயோ என்று ஒரு ஹீரோ உண்டு. (பெயரே அதுதான்!) ஒளி வீசும் ஒரு பந்து. கை இல்லை, கால் இல்லை. தோழனோடு கயிறு போலப் பிணைந்து அவனுக்கு உயிர் ஊட்டுவதுதான் அதன் வேலை. உதவிக்கு மட்டுமே ஆகும் என்று எல்லாரும் வைத்திருந்த அந்தப் பந்தை அனா 1-ம் எண் வீரனாக ஆக்கினார்! அதற்குப் பொன்னைக் குவித்து, அதையே அடிக்க விட்டார். இறுதிப் போட்டியில் டீம் லிக்விட் அணியை ஓ.ஜி. 3-க்கு 1 என்று வென்றது. இரண்டு தடவை உலகப் போட்டியை வென்ற முதல் அணி ஓ.ஜி.தான். இந்தத் தடவை பரிசு 110 கோடி ரூபாய்க்கு மேல்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

இதைப் படித்து விட்டு எந்தப் பையனும் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தப் பரிசுப் பணத்தில் பெரும் பகுதி ரசிகர்கள் ஆட்ட அலங்காரங்களை விலைக்கு வாங்கியதால் சேர்ந்தது. 2021-ல் மொத்தப் பரிசு 4 கோடி டாலர் வரை ஏறியது. 2023-ல் 30 லட்சம் டாலரை ஒட்டி இறங்கி விட்டது.

பணம் வைத்து ஆடும் சூதாட்டமும் இதுவும் ஒன்று அல்ல. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் செய்த சட்டமும் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2022-ல் பர்மிங்காம் நகரில் நடந்த காமன்வெல்த் மின் விளையாட்டுப் போட்டியில் இந்திய வாலிபர்கள் டோட்டா 2-ல் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். ஆனாலும் அலங்காரச் சாமான் வாங்கப் பையன் அப்பாவின் கார்டு நம்பரைக் கேட்டால், எதற்கு என்று கேட்டு விட்டே கொடுங்கள்.

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிடக் கூப்பிட்டால் "அஞ்சு நிமிஷம் அம்மா" என்கிறான் அல்லவா? அது பொய்தான். ஆனால் அவன் மீது மட்டும் குற்றம் இல்லை. இந்த ஆட்டத்தை நடுவில் விட்டு எழுந்தால் மற்ற 4 பேருக்கும் ஆட்டம் கெட்டு விடும். எழுந்தவனுக்குத் தண்டனையும் உண்டு. ஆகவே ஆரம்பிப்பதற்கு முன்பே கேளுங்கள்: "இப்போது ஆரம்பித்தால் எப்போது முடியும்?" சோறு வைக்க 20 நிமிடம் இருக்கும் போது அவன் புது ஆட்டத்துக்கு ஆளைப் பொறுக்கிக் கொண்டிருந்தால், அப்போதே தடுத்து விடுங்கள். ஹீரோவை எடுத்து விட்டான் என்றால் ரசத்தை மறுபடியும் சூடு செய்ய வேண்டியதுதான்!